வாசகர் கேள்வி – பதில்: போருக்குப் போன கழக விமானங்கள்

சென்ற இதழில் வந்த மலாயா போர்க் கட்டுரையில், பறக்கும் கழகங்களின் சிறு விமானங்களையும் படை எடுத்துக்கொண்டது என்று ஒரே ஒரு வரி இருந்தது. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டன. நம் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் விமானத் திடல் இருப்பதால் இருக்கலாம். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, விமான எஞ்சின் வேலையும் அந்தக் கால வரலாறும் அறிந்தவர்களைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: அந்த விமானங்கள் யாருடையவை? வெள்ளைக்காரன் படையில் விமானமே இல்லையா, கழக விமானத்தைப் பிடித்துக்கொண்டு போக?
– வாசகர், ரெங்கம்

பதில்: போர் விமானம் இருந்தது. போதுமான அளவில் இல்லை. இருந்ததையும் கடிதம் கொண்டுபோக, அதிகாரியை ஏற்றிப்போக என்று அனுப்ப முடியாது. அந்த வேலைக்குத்தான் சிறு விமானங்கள் தேவைப்பட்டன.

கோலாலம்பூர், சிங்கப்பூர், பினாங்கு ஆகிய ஊர்களில் பறக்கும் கழகங்கள் இருந்தன. அவற்றின் விமானங்களில் பெரும்பாலானவை டி ஹாவிலண்ட் கம்பெனியின் ‘மாத்’ குடும்பம்: ஜிப்சி மாத், மாத் மேஜர், டைகர் மாத், மூடிய கேபின் கொண்ட லெப்பர்ட் மாத். பயணிகள் சேவை நடத்திய வேர்ன் கம்பெனியிடம் இரட்டை எஞ்சின் டிராகன் ராப்பிட் விமானங்கள் இருந்தன. 1937-ல் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு வழித்தடத்தைத் தொடங்கியது அந்தக் கம்பெனிதான். 1936-ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) ஒரு தொண்டர் விமானப்படை அமைந்தது. 1940-ல் அது மலாயா தொண்டர் விமானப்படையாக விரிந்தது. பொதுப்பணித் துறையின் தலைவராக இருந்த ஆர்.எல். நன் அதற்குத் தளபதி. கழகத்தில் ஓட்டியவர்களே படைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே விமானத்தை ஓட்டினார்கள். விமானத்தில் மாறியது சாயமும் எண்ணும் மட்டுமே. துப்பாக்கி இல்லை, கவசத் தகடு இல்லை, பெரும்பாலானவற்றில் ரேடியோகூட இல்லை.

1941 டிசம்பர் 8-ல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. இடையில் திடல் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக, இந்த விமானங்களும் தெற்கே நகர்ந்து, மிஞ்சியவை சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் போய்ச் சேர்ந்தன. குளுவாங் திடல் ஜனவரி கடைசியில் கை மாறியது. மூன்றே வாரத்தில், பிப்ரவரி 14 அன்று, பாலெம்பாங்கில் பாராசூட் வீரர்களை இறக்கிய ஜப்பானிய விமானங்கள் குளுவாங்கிலிருந்தும் காஹாங்கிலிருந்தும்தான் கிளம்பின.

கேள்வி: பால்மரத் தோட்டத்துக்குள் விமானத்தை மறைத்து வைத்திருந்தார்கள் என்று எங்கள் லயத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 30 அடி இறக்கையோடு மரங்களுக்கு நடுவே எப்படிப் போகும்? கதைதானே?
– வாசகர், லாயாங்-லாயாங்

பதில்: எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. டைகர் மாத் என்றால் உங்கள் சந்தேகம் சரி. அதன் இறக்கை அகலம் 8.94 மீட்டர், அதாவது 29 அடி 4 அங்குலம். அதன் இறக்கை மடங்காது. வரிசைக்கு வரிசை ஏறத்தாழ 20 அடி விட்டு நட்ட தோட்டத்தில் அதை உள்ளே தள்ள வழியே இல்லை. ஓரத்து மரங்களை வெட்டி இடம் பண்ண வேண்டும், அல்லது தோட்டச் சடக்கு (சாலை) பிரியும் முக்கில் கிளைகளை இழுத்துக் கட்டி அதன் அடியில் நிறுத்த வேண்டும்.

ஆனால் ஜிப்சி மாத், மாத் மேஜர், லெப்பர்ட் மாத் ஆகியவற்றுக்கு இறக்கை பின்னால் மடங்கும். கார் கொட்டகையில் நிறுத்த வேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள். ஜிப்சி மாத் மடங்கிய பிறகு அகலம் சுமார் 3 மீட்டர்தான். 20 அடி வரிசைக்குள் அதை நான்கு பேர் வாலைத் தூக்கிப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். மேலே இலை கூரை போட்டாற்போல் மூடியிருக்கும். ஆக, உங்கள் பெரியவர்கள் சொன்னது நடக்கக்கூடியதுதான்.

மடக்குவதில் ஒரு ஒழுங்கு உண்டு. இரட்டை இறக்கை மாத்தில் முதலில் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் இடையே, உடலை ஒட்டிய முன் ஓரத்தில், ஒரு தற்காலிகக் கட்டையைப் பொருத்த வேண்டும். அது இல்லாமல் பூட்டு ஊசியை உருவினால் இறக்கைச் சட்டம் தொய்ந்து, இழுவைக் கம்பிகளின் முறுக்கு கெட்டுப்போகும். அதன்பின் முன் உத்திரத்தின் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முக்கியக் கட்டை) பூட்டு ஊசிகளை உருவி, பின் உத்திரத்தின் கீலில் இறக்கையைச் சுழற்றி வாலை ஒட்டிக் கட்டுவார்கள். விரிக்கும்போது நேர் எதிர் வரிசை. ஆபத்து விரிப்பதில்தான்: ஊசி முழுதும் உள்ளே போகாமல், அதன் காப்புக் கம்பியும் மாட்டப்படாமல் பறந்தால், இறக்கை நடுவானில் பின்னால் போய்விடும். இருட்டில், மழையில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே செய்யும் வேலை இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மரத்தடியில் வைப்பதிலும் ஒரு கேடு இருந்தது. இறக்கையின் எலும்பு ஸ்ப்ரூஸ் மரம், மேலே லினன் துணி, துணியை விறைப்பாக்கும் ‘டோப்’ பூச்சு. மரத் துண்டுகளை ஒட்டியது பாலின் புரதத்திலிருந்து செய்யும் கேசின் பசை. ஈரத்தில் கேசின் இளகும், பூஞ்சை பிடிக்கும். ரப்பர்த் தோட்டத்து நிழலில் காற்றோட்டம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணியின் கீழ் ஓரத்தில் இருக்கும் வடிகால் கண்கள் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் மழைநீர் இறக்கைக்குள்ளேயே நிற்கும். கிளம்பும் முன் ஒவ்வொரு கண்ணையும் குச்சியால் குத்திப் பார்ப்பது அந்த நாள் மெக்கானிக்கின் வேலை.

வெளியில் நிறுத்தினால் காற்று எதிரி. வெறும் டைகர் மாத்தின் எடை சுமார் 500 கிலோ. ஒரு சுமத்திராக் காற்று (சுமத்திராப் பக்கமிருந்து திடீரென்று வீசும் புயல்காற்று) அதைக் குப்புறக் கவிழ்த்துவிடும். அதனால் இறக்கை இரண்டிலும் வாலிலும் கயிறு போட்டு, திருகு முளை அடித்துக் கட்டுவார்கள். மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கும். கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டாவிட்டால், விடிந்து பார்க்கையில் கயிறே இறக்கை உத்திரத்தை முறித்து வைத்திருக்கும்.

கேள்வி: மணிக்கு 170 கிலோமீட்டர்கூட ஒழுங்காக ஓடாத விமானம் ஜப்பானியச் சண்டை விமானத்திடம் சிக்கினால் தப்பவே முடியாதா? எப்படி எப்படி இழந்தார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், குளுவாங்

பதில்: தப்ப வழி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

டைகர் மாத்தில் ஜிப்சி மேஜர் எஞ்சின், 130 குதிரைத்திறன், அதிகபட்ச வேகம் 175 கிலோமீட்டர். அன்று மலாயாவின் மேல் பறந்த நகாஜிமா கி-27 சுமார் 470 கிலோமீட்டர் போகும், கி-43 அதைவிட வேகம். ஓடித் தப்பும் பேச்சே இல்லை. ஆனால் திரும்பும் வட்டத்தைப் பாருங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் 45 பாகை சாய்ந்தால் டைகர் மாத்தின் வட்டம் 95 மீட்டர் ஆரத்தில் முடிந்துவிடும். 400-ல் வரும் சண்டை விமானம் 60 பாகை சாய்ந்தாலும் 700 மீட்டருக்கு மேல் வேண்டும். பின்னாலிருந்து அவன் நெருங்கும் வேகம் வினாடிக்கு 80 மீட்டர். 300 மீட்டரில் சுடத் தொடங்கினால் நான்கு வினாடிக்குள் தாண்டிப் போய்விடுவான். அவன் குறிவைத்து இறங்கிய பிறகு, சுடும் தறுவாயில், அவன் வரும் பக்கமே சட்டென்று திரும்பினால் குறி தப்பும். முன்கூட்டியே திரும்பினால் அவன் சரிசெய்துகொள்வான். பொறுமைதான் உயிர்.

இன்னொரு காப்பு மரம். மரத் தலைகளை உரசினாற்போல் பறந்தால் மேலேயிருந்து பாய்பவன் தானும் மரத்தில் மோதாமல் இழுத்து எழ வேண்டும். பச்சைச் சாயம் பச்சைக் காட்டின்மேல் தெரியாது. ஆனால் ஆறு, செம்மண் சடக்கு, வடக்கே போனால் ஈயலம்பத்து (ஈயச் சுரங்கத்து) வெள்ளை மணல், இவற்றின் மேல் விமானமும் அதன் நிழலும் பளிச்சென்று தெரியும். குறுக்குவழி என்று திறந்தவெளியைக் கடப்பது பெரிய தப்பு.

இந்த வித்தையெல்லாம் ஒருவன் துரத்தினால்தான் செல்லும். இரண்டு பேர் வந்தால் ஒருவன் விரட்ட, மற்றவன் திரும்பும் இடத்தில் காத்திருப்பான்.

குண்டு பட்டால் என்ன ஆகும்? துணியில் பட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும், இறங்கியபின் துணி வைத்து டோப் பூசி ஒட்டுப் போட்டுவிடலாம். ஓட்டுநர், எஞ்சின், சுக்கான் கம்பி, பெட்ரோல் தொட்டி இந்த நான்கில் ஒன்றில் பட்டால் முடிந்தது. டைகர் மாத்தின் தொட்டி மேல் இறக்கையின் நடுவில், முன் இருக்கைக்காரரின் தலைக்கு மேலே இருக்கிறது. 19 கேலன், அதாவது 86 லிட்டர். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும். குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் ரப்பர் உறை போர் விமானங்களுக்குத்தான். இதில் துளைத்தால் பெட்ரோல் நேரே ஆள்மேல் கொட்டும், பக்கத்திலேயே சூடான புகைக்குழாய். பாராசூட் கட்டியிருந்தாலும் மர உயரத்தில் அது விரிய நேரமில்லை.

வானத்தில் சுடப்பட்டு விழுவது மட்டும்தான் இழப்பு என்று நினைக்கிறோம். தரையில் போனவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திடலில் வரிசையாக நிறுத்திய விமானங்களை ஒரே பாய்ச்சலில் எரித்துவிடலாம். டோப் பூசிய துணியில் தீப்பொறி விழுந்தால் எலும்புக்கூடு மிஞ்சும். பின்வாங்கும்போது ஒரு சின்னப் பாகம் இல்லாமல் பறக்க முடியாத விமானத்தைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போவதும் படை வழக்கம். அதோடு சொந்தப் படையின் துப்பாக்கி. நாள்தோறும் எதிரி விமானத்தையே பார்த்துச் சலித்த வீரனுக்கு எஞ்சின் சத்தம் கேட்டால் கை தானாகப் போகும். தாழப் பறந்து எதிரியிடம் தப்பியவர் தன் ஆளிடம் மாட்டுவது அப்படித்தான்.

பருவமும் சேர்ந்துகொண்டது. போர் நடந்தது வடகிழக்குப் பருவமழையில். குளுவாங்கிலேயே லம்பாக் மலை 510 மீட்டர், அந்தப் பக்கம் பெலுமுட் 1,010 மீட்டர். முகில் மலை அடிவாரம்வரை இறங்கிவிட்டால், திறந்த இருக்கையில் முகத்தில் மழை அடிக்க, வழி கேட்க ரேடியோ இல்லாமல், ஓட்டுநருக்குத் துணை கம்பிச்சடக்குதான். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே சிங்கப்பூர் போகலாம். எதிரியும் அதே தண்டவாளத்தைப் பார்த்துத்தான் வருவான்.

கேள்வி: குண்டாவது மாட்டி அனுப்பியிருக்கலாமே?
– வாசகர், பாலோ

பதில்: இங்கிலாந்தில் 1940-ல் ஜெர்மானியர் கடல் தாண்டி வருவார்கள் என்ற பயத்தில் டைகர் மாத்துக்கு 20 பவுண்டு குண்டு 8 மாட்டும் ஏற்பாடு செய்தார்கள். மொத்தம் சுமார் 73 கிலோ. விமானத்தின் அதிகபட்ச எடை 828 கிலோ. ஆள் இருவர், முழுத் தொட்டி, எண்ணெய் எல்லாம் போக இடம் இருப்பது ஏறத்தாழ 90 கிலோதான். ஏற்ற முடியும். ஏற்றினால் ஈரப் புல்தரையில் எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும், எழுந்ததும் மெதுவாக ஏறும், நாம் மேலே சொன்ன திருப்பும் வித்தைக்கு வலு இருக்காது. மலாயாவில் இவற்றைத் தகவலுக்கும் வேவுக்கும் வைத்துக்கொண்டதுதான் புத்தி. சேதி சொல்ல வேண்டுமென்றால் நீண்ட நிறத்துணி வால் தைத்த பையில் காகிதத்தைப் போட்டுக் கீழே எறிவார்கள்.

கேள்வி: சாவி போட்டால் கிளம்பாதாமே, கையால் சுற்ற வேண்டுமாமே. எதிரி வரும்போது அதற்கு நேரம் இருக்குமா?
– பள்ளி மாணவர், காஹாங்

பதில்: இருக்காது தம்பி. திடலிலேயே விமானங்கள் எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஜிப்சி மேஜர் தலைகீழ் எஞ்சின். நான்கு சிலிண்டரும் கீழ்நோக்கித் தொங்கும். நிறுத்தி வைத்தால் எண்ணெய் கசிந்து சிலிண்டர் தலையில் தேங்கும். எண்ணெய் அமுங்காது. அப்படியே எஞ்சினை ஓடவிட்டால் பிஸ்டன் அதில் முட்டி இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, முதலில் விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இறுக்கமாக நின்றால் பலத்தைப் போட்டுத் தள்ளக்கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

அதன்பின் பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரின் சின்னப் பொத்தானைப் பெட்ரோல் சொட்டும்வரை அழுத்தி, சுவிட்ச் அணைந்த நிலையிலேயே நான்கு முறை விசிறியை இழுத்துக் கலவையை உள்ளே வாங்க வேண்டும். பிறகுதான் சுவிட்ச், ஒரே வெட்டாக ஒரு சுழற்று, உடனே பின்னால் விலகல். விரலை விசிறியின் ஓரத்தைச் சுற்றி மடக்கிப் பிடித்தால் விரல் போகும். சூடான எஞ்சின் இன்னும் பிடிவாதம்: கலவை அதிகமாகிவிட்டால் திராட்டிலைத் திறந்து வைத்து, சுவிட்சை அணைத்து, பின்பக்கமாகச் சுற்றி வெளியேற்றிய பிறகே மறுபடி முயல வேண்டும்.

பெட்ரோலிலும் ஒரு வேலை உண்டு. திடலில் 4 கேலன் தகர டின்னில்தான் வரும். இரவு வெயில் மாற்றத்தில் டின்னுக்குள் நீர் கோக்கும். மான் தோல் விரித்த புனலில் ஊற்றினால் பெட்ரோல் இறங்கும், தண்ணீர் தோலின் மேலேயே நிற்கும். அவசரத்தில் தோலை எடுத்துவிட்டு ஊற்றியவனின் எஞ்சின் மரத்துக்கு மேலே போய் இருமும்.

கேள்வி: மறுநடவுக்காகப் பழைய செம்பனைகளைச் சாய்த்தபோது எக்ஸ்கவேட்டர் ஒரு எஞ்சினைக் கிளப்பியது. நான்கு சிலிண்டர், கூடவே வளைந்த குழாய்கள். ஜப்பான்காரன் விமானம் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? இரும்புக் கடைக்குப் போடலாமா?
– தோட்டப் பணியாளர், சிம்பாங் ரெங்கம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். அருகில் குண்டோ தோட்டாவோ இருக்கலாம். வேலையை நிறுத்தி, எக்ஸ்கவேட்டரைப் பின்னுக்கு எடுத்து, 999-க்கு அழைத்துப் போலீசிடம் சொல்லுங்கள். குண்டு அகற்றும் பிரிவு பார்த்தபின்தான் தொட வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி இப்படிப்பட்ட பொருளைக் கண்டவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். மனித எலும்பு தெரிந்தால் ஒரு துண்டைக்கூட நகர்த்த வேண்டாம்.

இனி அடையாளம். சிலிண்டரை எண்ணுங்கள். வட்டமாக 9 சிலிண்டர் என்றால் ஜப்பானிய கி-27 ஆக இருக்கலாம், பிரிட்டிஷ் தரப்பின் பஃபலோவாகவோ பிளென்ஹைமாகவோகூட இருக்கலாம். இரண்டு அடுக்காக 14 என்றால் கி-43 போன்றவை. ஆங்கில ‘வி’ வடிவில் 12 என்றால் பிரிட்டிஷ் ஹரிக்கேன். ஒரே வரிசையில் 6 என்றால் டிராகன் ராப்பிட். உங்களுடையது வரிசையாக 4, ஆகவே ஜப்பானியப் போர் விமானமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாத் குடும்பத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த அவசரகாலத்தில், 1948 முதல் 1960 வரை, காட்டின்மேல் வட்டமிட்ட ஆஸ்டர் விமானங்களில் ஒரு ரகத்துக்கும் இதே ஜிப்சி மேஜர் எஞ்சின்தான். 1950-களின் மலாயா துணை விமானப்படையும் டைகர் மாத் பறக்கவிட்டது. எஞ்சினை மட்டும் பார்த்து 1942 என்று பலகை எழுதிவிட்டால் பத்து வருடம் தப்பிப்போகும்.

குழாய்களுக்குப் பக்கத்தில் தட்டையான, இரு ஓரமும் மெலிந்த எஃகுக் கம்பிகள் பல கிடக்கின்றனவா? அவை இரட்டை இறக்கையை இழுத்துக் கட்டுபவை, அப்படியானால் மாத். ஆஸ்டர் ஒற்றை இறக்கை, அதற்கு அந்தக் கம்பிக் கட்டு தேவையில்லை. ஒட்டுப்பலகைத் துண்டு நிறைய இருந்தால் மரப்பெட்டி உடல் கொண்ட ஜிப்சி மாத்தை எண்ணலாம். டைகர் மாத்தின் உடல் எஃகுக் குழாய். இத்தனை வருட மண்ணில் மரமும் துணியும் கரையானுக்குப் போயிருக்கும் என்பதால், மரம் இல்லாததை மட்டும் சான்றாக எடுக்கக்கூடாது. எஞ்சின் பெட்டியின் பக்கவாட்டில் சிறு தகடோ பொறித்த எண்ணோ இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் எழுத்தே போய்விடும். தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிக்கோல் வையுங்கள், கிடந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் எந்தத் திசையில் சிதறியிருக்கிறது என்பதற்கு ஒரு கைவரைபடம் போட்டுவிட்டால், பின்னால் வரும் நிபுணர் உங்களுக்குக் கடமைப்பட்டவர் ஆவார்.

கேள்வி: தமிழ்நாட்டிலும் இப்படி நடந்ததா?
– வாசகர், ரெங்கம்

பதில்: நடந்தது. சிறு விமானம் அல்ல, நான்கு எஞ்சின் கொண்ட அட்டலாண்டா பயணி விமானங்கள். 1941-ல் எடுத்து, ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தி, இந்தியக் கரையோரக் காவலுக்கு அனுப்பினார்கள். மெட்ராஸ் பறங்கிமலைத் திடலும் அந்தக் காவல் வேலையில் இருந்தது.

கேள்வி: இந்தப் படையில் இறந்தவர்களின் பெயரை எங்கே தேடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குளுவாங்

பதில்: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். பெயர் தெரியாவிட்டாலும் பிரிவு, நாள், நாடு என்று வடிகட்டலாம். பிரிவு என்னும் கட்டத்தில் மலாயன் வாலண்டியர் ஏர் ஃபோர்ஸ் என்று ஆங்கிலத்தில் முழுப் பெயரையும் எழுதுங்கள். முதலெழுத்துகளை மட்டும் போட்டால் பல பெயர்கள் வராமல் போகலாம். உடல் கிடைக்காதவர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சியின் நினைவுச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அதில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு, தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் அலைய வேண்டாம். பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்பதிவாக வைத்திருக்கிறது. 1942-க்குள் தேடி எதுவும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், 1945 செப்டம்பருக்குப் பிந்தைய இதழ்களையும் புரட்டுங்கள். காணாமல் போனவர்களைப் பற்றிக் குடும்பத்தார் கொடுத்த விளம்பரங்கள் அப்போதுதான் வந்தன.